'வாடகையே வேண்டாம், 8 லட்சம் கொடுங்க': பள்ளுருத்தி பணய வீட்டுக்குப் போகும் முன் என்னவெல்லாம் பார்க்கணும்?

கொச்சியில் வேலை கிடைத்து வீடு தேடத் தொடங்கும் தமிழர்களைக் குழப்பும் ஒரு சொல் உண்டு: பணயம். தோப்பும்படி தாண்டி பள்ளுருத்தி பக்கம் போனால், 'வீடு வாடகைக்கு' என்ற விளம்பரங்களோடு 'வீடு பணயத்துக்கு' என்பதும் கண்ணில் படும். பணயம் என்றதும் நமக்குப் பணயக் கைதிதான் ஞாபகத்துக்கு வரும். மலையாளத்தில் அதற்கு அடகு என்று அர்த்தம்.

விஷயம் ரொம்ப சிம்பிள். வீட்டு ஓனரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிடுவீர்கள். மாத வாடகை கிடையாது. ஒன்றோ இரண்டோ மூன்றோ வருடம் கழித்துக் காலி செய்யும்போது, கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். நம்ம ஊரில் ஒத்தி, போக்கியம், லீஸ் என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அதேதான்.

'அட, நல்லா இருக்கே! வாடகை மிச்சம், பணமும் பத்திரம்' என்று தோன்றுகிறதா? முதல் பாதி சரி. இரண்டாவது பாதியைத்தான் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும்.

பள்ளுருத்தியில் ஏன் இவ்வளவு பணய வீடுகள்?

பள்ளுருத்தி தனிப் பஞ்சாயத்தாக இருந்த ஊர். 1967இல் கொச்சி மாநகராட்சி உருவானபோது ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எறணாகுளம் நகராட்சிகளோடு இதுவும் சேர்க்கப்பட்டது. எறணாகுளம் நகரத்தின் நெரிசலிலிருந்து பாலம் தாண்டி வந்தால் கிடைக்கும் அமைதியான குடியிருப்புப் பகுதி. அடுக்குமாடிகளைவிட சின்னச் சின்னத் தனி வீடுகளும், மாடியில் ஒரு போர்ஷன் கட்டி விடும் குடும்பங்களும்தான் இங்கே அதிகம்.

இப்படிப்பட்ட குடும்பத்துக்குத் திடீரென்று பெரிய தொகை தேவைப்படும். மகள் கல்யாணம், வளைகுடா விசா, ஆஸ்பத்திரிச் செலவு, பழைய கடன். சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ இல்லாதவருக்கு பாங்க் லோன் எளிதில் கிடைக்காது. மாதம் 10,000 ரூபாய் வாடகை வந்தாலும் அந்த அவசரத்துக்கு அது உதவாது.

குடியேற வருபவரின் நிலைமை நேர் எதிர். கையில் சிட்டி பிடித்த பணமோ, நகை விற்ற பணமோ இருக்கும். மாதாமாதம் வாடகை கட்டும் அளவுக்கு நிலையான வருமானம் இருக்காது. இரண்டு தேவைகளும் சந்திக்கும் இடம்தான் பணயம். எனவே இதை மோசடி என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது. பல குடும்பங்கள் இப்படித்தான் வருடக்கணக்கில் நல்லபடியாக வாழ்ந்து, பணத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கின்றன.

சரி, கணக்குப் போட்டா லாபம்தானா?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். மாதம் 10,000 ரூபாய் வாடகை போகக்கூடிய வீடு. ஓனர் கேட்கும் பணயத் தொகை 8 லட்சம்.

அந்த 8 லட்சம் உங்கள் சொந்தச் சேமிப்பு என்றால், ஃபிக்ஸட் டெபாசிட்டில் 7% வட்டிக்குப் போட்டிருந்தால் வருடம் 56,000 ரூபாய் கிடைத்திருக்கும். நீங்கள் 20% வரி வரம்பில் இருந்தால், செஸ்ஸும் சேர்த்து வரி போக மிஞ்சுவது 44,352. வருட வாடகை 1,20,000. ஆக, பணயத்தில் உங்களுக்கு மிச்சம் வருடம் சுமார் 75,600 ரூபாய், மாதம் 6,300.

அதே 8 லட்சத்தை 12% வட்டிக்கு பர்சனல் லோன் வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்றால்? வட்டி மட்டும் வருடம் 96,000. மிச்சம் மாதம் வெறும் 2,000. பழைய வருமான வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு வாங்குபவராக இருந்தால், வாடகை கொடுக்காததால் அந்தச் சலுகையும் போய்விடும். கடன் வாங்கிப் பணயத்துக்குப் போவதில் பெரிய லாபம் இல்லை.

இப்போது ஓனர் பக்கம் போய்ப் பாருங்கள். அவர் வருடம் 1,20,000 வாடகையை விட்டுக்கொடுத்து 8 லட்சம் வாங்குகிறார். அதாவது அந்தப் பணத்துக்கு அவர் கொடுக்கும் வட்டி 15%.

இந்த எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது. வீட்டையே ஈடாக வைத்தால் பாங்கில் இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்குமே? அப்புறம் ஏன் ஒருவர் 15% கொடுக்கிறார்? பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பாங்க் அவருக்குக் கடன் தரவில்லை. அல்லது அதே வீட்டின் மேல் பாங்க் ஏற்கனவே கடன் கொடுத்துவிட்டது. முதலாவது அவர் தப்பில்லை. இரண்டாவதாக இருந்தால், உங்கள் பணம் ஆபத்தில் இருக்கிறது.

பணய வீட்டில் நீங்கள் வாடகைதாரர் மட்டும் இல்லை, ஓனருக்குக் கடன் கொடுத்தவர். வீட்டில் தண்ணி வருதா, பைக் நிறுத்த இடமிருக்கா என்று வாடகைதாரராக விசாரித்த கையோடு, கடன் கொடுக்கும் பாங்க் மேனேஜர் என்ன கேட்பாரோ அதையும் கேட்கணும்.

எங்கே தப்பாகும்?

*ஒன்று: அடுத்த ஆள் வரலை.* நீங்கள் கொடுத்த 8 லட்சத்தை ஓனர் செலவழித்துவிட்டிருப்பார். அதற்காகத்தானே வாங்கினார்! நீங்கள் காலி செய்யும்போது அவர் பணம் திருப்புவது, அடுத்துக் குடிவருபவர் கொடுக்கும் பணயத் தொகையிலிருந்துதான். அடுத்த ஆள் கிடைக்கத் தாமதமானாலோ, குறைந்த தொகைக்கு வந்தாலோ நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

*இரண்டு: பாங்க் ஜப்தி.* வீடு ஏற்கனவே அடமானத்தில் இருந்து, ஓனர் தவணை கட்டாமல் விட்டால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி பாங்க் கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே சொத்தைக் கைப்பற்ற முடியும். அதற்கான 60 நாள் நோட்டீஸ் கடன் வாங்கியவருக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. கதவில் நோட்டீஸ் ஒட்டும்போதுதான் உங்களுக்கு விஷயமே தெரியும். உங்களுக்கு முன்னாலேயே அடமானம் வாங்கிய பாங்குக்கே முன்னுரிமை.

*மூன்று: ஓனரே இல்லை.* வெளிநாட்டில் இருப்பவரின் வீட்டை ஒருவர் மாத வாடகைக்கு எடுப்பார். அதையே தன் வீடு மாதிரி காட்டி உங்களிடம் லட்சக்கணக்கில் பணயம் வாங்குவார். சில மாதம் அசல் ஓனருக்கு வாடகை போகும், பிறகு நின்றுவிடும். கொச்சியிலும் பெங்களூருவிலும் இந்த மாதிரி மோசடிகள் போலீஸ் வழக்காகியிருக்கின்றன.

மூன்றிலும் போவது ஒரு மாத வாடகை இல்லை, மொத்த 8 லட்சம். நம் உதாரணத்தில் அதை ஈடுகட்ட வருடம் 75,600 மிச்சம் பிடித்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும்.

11 மாத அக்ரிமென்ட் போதாதா?

பெரும்பாலும் முத்திரைத்தாளில் 11 மாத அக்ரிமென்ட் எழுதி, பணயத் தொகையை 'டெபாசிட்' என்று குறிப்பிட்டுவிடுவார்கள். ஏன் 11 மாதம்? சொத்து மாற்றச் சட்டம், 1882இன் 107ஆவது பிரிவுப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு.

பதிவு செய்யாத அந்தத் தாள், நீங்கள் பணம் கொடுத்ததற்குச் சாட்சியாகலாம். ஆனால் அந்தப் பணத்துக்கு வீட்டை ஈடாக ஆக்காது. பணம் வராவிட்டால் நீங்கள் ஓனர் மேல் சாதாரணக் கடன் வழக்குதான் போட முடியும். அதற்கும் மூன்று வருடக் காலவரம்பு உண்டு.

இதே சட்டத்தின் 58ஆவது பிரிவு இன்னொரு வழியைச் சொல்கிறது: அனுபவ அடமானம். வீட்டை உங்கள் அனுபவத்தில் விட்டு, வட்டிக்குப் பதிலாக நீங்கள் அதில் குடியிருந்து, பணம் திரும்பி வரும் வரை வீட்டைக் கையில் வைத்திருக்கலாம். நம்ம ஊர் ஒத்தி இதுதான். ஆனால் 59ஆவது பிரிவுப்படி, 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட்ட பத்திரமாக, குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். 100 ரூபாய்க்கே அப்படியென்றால் 8 லட்சத்துக்கு?

வாடகைச் சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். கேரளத்தில் இருப்பது 1965ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். உரிய காரணமும் உத்தரவும் இல்லாமல் வாடகைதாரரை வெளியேற்ற முடியாது என்கிறது அது. ஆனால் வாடகையே கொடுக்காத நீங்கள் அந்தச் சட்டப்படி வாடகைதாரர்தானா என்ற இடத்திலேயே எதிர்த்தரப்பு வக்கீல் வாதத்தைத் தொடங்கிவிடுவார்.

மற்ற இடங்களில் எப்படி?

ஒன்றிய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான டெபாசிட் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று மாத வாடகை என்பது பொது விதி.

1663 முதல் 1795 வரை கொச்சிக் கோட்டை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அவர்களுடைய நாட்டில் இன்று ஒரு அமைதியான புறநகரில் வீடு எடுத்தால், டெபாசிட்டாகக் கேட்கக்கூடியது அதிகபட்சம் இரண்டு மாத அடிப்படை வாடகை. 2023 ஜூலையில் வந்த சட்டம் இது. காலி செய்த பிறகு பிடித்தம் எதுவும் இல்லையென்றால் 14 நாளில் பணம் திரும்ப வேண்டும். நம் பள்ளுருத்தி உதாரணத்தில் ஓனர் கையில் இருப்பது 80 மாத வாடகை!

இதைவிடப் பெரிய தொகை புழங்கும் நாடு தென்கொரியா. அங்கே 'ஜியோன்சே' என்ற பெயரில், பல சமயம் வீட்டு விலையில் பாதிக்கும் மேலான தொகையைக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இரண்டு வருடம் குடியிருப்பார்கள். 2022க்குப் பிறகு வீட்டு விலையும் ஜியோன்சே தொகையும் சரிந்தபோது, ஓனர்கள் பலரால் பணத்தைத் திருப்ப முடியவில்லை. மோசடிகளும் வெளியே வந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்காகவே 2023இல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அங்கே, குடியேறியதை உள்ளூர் அலுவலகத்தில் தெரிவித்து ஒப்பந்தத்தில் தேதி முத்திரை வாங்கினால், பிறகு வரும் கடன்காரர்களைவிட வாடகைதாரருக்கு முன்னுரிமை உண்டு. பள்ளுருத்தியில் அந்த முத்திரைக்குச் சமமாக உங்களுக்குக் கிடைக்கக்கூடியது சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் பதிவு மட்டும்தான்.

பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

1. *அசல் பத்திரத்தைக் கேளுங்கள்.* கேரளத்தில் இதை 'ஆதாரம்' என்பார்கள். நம் ஆதார் அட்டையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், அசல் எங்கே என்று கேளுங்கள். அது பாங்க் லாக்கரில் இல்லாமல் பாங்க் அடமானத்தில் இருக்கலாம். வில்லேஜ் ஆபீஸில் கட்டிய நிலவரி ரசீது, மாநகராட்சி வீட்டு வரி ரசீது, ஓனரின் அடையாள அட்டை மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா பாருங்கள். பத்திரத்தில் அண்ணன் தம்பி பெயர்களும் இருந்தால் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

2. *வில்லங்கச் சான்றிதழ் எடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள்.* பத்திரத்தை பாங்கில் ஒப்படைத்து வாங்கும் கடன் பதிவாகாமலேயே இருக்கலாம். அப்போது வில்லங்கத்தில் தெரியாது. பாங்குகளின் அடமானங்களைப் பதிவு செய்யும் 'செர்சாய்' மத்தியப் பதிவேட்டின் இணையதளத்தில் சிறு கட்டணத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம்.

3. *பதிவு செய்யுங்கள்.* முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எவ்வளவு வரும் என்று பத்திர எழுத்தரிடம் முன்பே கேட்டு, அதையும் உங்கள் வாடகைக் கணக்கில் சேருங்கள். அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால்தான் பணயம் லாபம். பதிவு என்றதும் ஓனர் பின்வாங்கினால் காரணம் கேளுங்கள்.

4. *ரொக்கம் கூடாது.* 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாக, டெபாசிட்டாக ரொக்கத்தில் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பத்திரத்தில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே அனுப்புங்கள். புரோக்கர் கணக்குக்கு வேண்டாம்.

5. *பாதிப் பாதி பேசிப் பாருங்கள்.* 8 லட்சத்துக்குப் பதில் 3 லட்சம் பணயம், மீதிக்கு மாத வாடகை என்று கேட்கலாம். மிச்சம் குறையும், போனால் போகும் தொகையும் குறையும்.

6. *சாவியும் பணமும் ஒரே நாளில்.* எத்தனை மாத நோட்டீஸ், பணம் தாமதமானால் என்ன என்பதை எழுத்தில் வையுங்கள். 'அடுத்த வாரம் போட்டுடறேன்' என்ற பேச்சை நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டால், உங்கள் கையில் இருந்த ஒரே பிடியும் போய்விடும்.

இத்தனையும் கேட்டால் ஓனர் தப்பாக நினைப்பாரோ என்ற கூச்சம் வரும். நல்லவராகத்தான் இருக்கிறார், டீ கொடுத்தார், குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். எல்லாம் சரி. ஆனால் 8 லட்சம் லோன் கேட்டு நீங்கள் பாங்குக்குப் போனால், அங்கேயும் சிரித்த முகத்தோடுதான் உட்கார வைப்பார்கள்; அப்புறம் பத்திரம், வில்லங்கம், வரி ரசீது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். நேர்மையான ஓனருக்கு அதைக் காட்ட ஒரு மணி நேரம் போதும்.