தென்னந்தோப்பும் வங்கிச் சட்டமும்

பேராக் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த பாகான் டத்தோ, தென்னைக்குப் பெயர்பெற்ற பூமி. அங்கு ஐந்து ஏக்கர் தோப்புடைய ஒருவர், கிழமரங்களை அகற்றிப் புதுக் கன்றுகள் நட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை உரத்திற்கும் வீட்டுச் செலவுக்கும் கடன் வேண்டும். அக்கடன் கிடைப்பது அவருடைய நாணயத்தை மட்டும் பொறுத்ததன்று. கடன் கொடுப்பவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? சட்டம் அவர் கையை எவ்வளவு கட்டுகிறது? இவ்விரண்டையும் பொறுத்ததே அது.

பிறர் பணமே முதல்

கடன் கொடுப்போர் தம் சொந்தப் பணத்தை மட்டுமே கொடுப்பதில்லை. மலாயாவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நடத்திய லேவாதேவிக் கடைகளே இதற்குச் சான்று. முதலாளியின் சொந்த முதல், உறவினர் முதலியோர் போட்ட மேல்பணம், ஐரோப்பிய வங்கிகளில் வாங்கிய கடன் ஆகியவை சேர்ந்தே கடையின் இருப்பாயின. அந்த ஊற்று வற்றினால் வாய்க்காலும் வறளும். 1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர், கொப்பரை விலைகள் வீழ்ந்தன. கொடுத்த கடன் திரும்பவில்லை. புதுப் பணமும் எளிதில் வரவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் பல, கடன் கொடுத்தவர் கைக்கு மாறின.

வேலி போட்ட சட்டம்

மலாய்க்காரரின் நிலத்தைக் காக்க ஐக்கிய மலாய் நாடுகளில் 1913-ல் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இயற்றப்பெற்றது. 1933-ல் அது கடுமையாக்கப்பெற்று, அந்நிலங்களைப் பிற இனத்தாரிடம் ஈடு வைப்பதும் தடுக்கப்பட்டது. நிலம் தப்பியது. ஆனால், ஈடாக ஏற்க முடியாத நிலத்தின் மேல் யார் பணம் கொடுப்பார்? கடன் சுருங்கியது; தேவையோ சுருங்கவில்லை. விளைச்சலை முன்கூட்டியே விலைபேசும் கடைக்காரரை நாடுவதே பலருக்கு வழியாயிற்று. வேலி மட்டும் போதாது, வேறு வாய்க்காலும் வேண்டும் என்பதே இதன் பாடம். விவசாயிகளுக்கென மலேசிய விவசாய வங்கி 1969-ல்தான் தோன்றியது.

அயல்நாட்டுச் சட்டமும் உள்ளூர் வங்கியை மாற்றக்கூடும். அதே 1969-ல் இந்திய அரசாங்கம் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. அயல் அரசுக்குச் சொந்தமான வங்கிகள் மலேசியாவில் இயங்கச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, யூக்கோ வங்கி ஆகியவற்றின் இந்நாட்டுக் கிளைகள் 1973-ல் ஐக்கிய ஆசிய வங்கியாக ஒன்றிணைந்தன.

1998 தந்த படிப்பினை

வங்கிகள் தங்களிடமுள்ள வைப்புப் பணத்திற்கு ஏற்ப ஒரு பங்கை மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் வட்டியின்றி வைத்திருக்க வேண்டும். இதுவே சட்டக் கையிருப்பு. 1998 தொடக்கத்தில் அது 13.5 விழுக்காடு. அதாவது, 100 வெள்ளிக்கு 13 வெள்ளி 50 காசு முடங்கிவிடும். ஆசிய நெருக்கடி முற்றவே, அவ்வாண்டு பிப்ரவரியில் 10 விழுக்காடாகவும், செப்டம்பருக்குள் படிப்படியாக 4 விழுக்காடாகவும் அது குறைக்கப்பட்டது.

ஆயினும் கடன் உடனே பெருகவில்லை. ஏன்? வங்கிகளிடம் வாராக்கடன் குவிந்திருந்தது. அந்த நட்டம் மூலதனத்தை அரித்தது. மூலதனம் மெலிந்த வங்கி, கையில் பணம் இருந்தும் கொடுக்க அஞ்சும். எனவேதான் வாராக்கடனை வாங்க டானாஹர்த்தாவும், வங்கிகளுக்கு மூலதனம் ஊட்ட டானாமோடலும் அதே ஆண்டில் அமைக்கப்பட்டன.

ஊற்றில் நீர் வேண்டும். மடை திறந்திருக்க வேண்டும். கரையும் உறுதியாக இருக்க வேண்டும். வைப்புப் பணம் ஊற்று, கையிருப்பு விதி மடை, மூலதனம் கரை. மடையை மட்டும் திறந்து பயனில்லை; கரையின்றித் திறந்தால் வெள்ளமே மிஞ்சும். 2025 மே மாதம் சட்டக் கையிருப்பு 1 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதனால் விடுபட்ட பணம் நகரத்து அடுக்குமாடிகளுக்குப் போகலாம், தென்னந்தோப்புக்கும் வரலாம். எங்கே பாயும் என்பதை விதி மட்டும் தீர்மானிப்பதில்லை. வங்கி ஏற்கத்தக்க ஈடும், விளைச்சலுக்கு நிலையான விலையும் உள்ள இடத்தை நோக்கியே அது பாயும். பாகான் டத்தோவின் சிறு தோப்புக்காரருக்கு இவ்விரண்டும் வாய்க்க வழிசெய்யாத வரை, வட்டி குறைந்த செய்தி அவருக்கு வெறும் செய்தியே ஆகும்.