வேகமானி சொல்லாத வேகம்

2025 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி விடுமுறை, அதற்கடுத்து ஞாயிறு. பள்ளியில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது மணி பதினொன்று. “என்னங்க, மூணு நாளும் வீட்டுலயேவா?” என்று மனைவி கேட்டார். அவ்வளவுதான். புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு பகல் 12.30 மணிக்குத் திருச்சியிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கிளம்பிவிட்டோம். அறை பதிவு செய்யவில்லை, திட்டமும் கிடையாது.

என் கணக்கு எளிமையானது. தொலைவு சுமார் 235 கி.மீ. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போனால் மூன்று மணி நேரம். நான்கு மணிக்குள் பாம்பன் பாலத்தைப் பார்த்துவிடலாம். ஏழாம் வகுப்புக்குப் பல ஆண்டுகளாக ‘விசையும் இயக்கமும்’ பாடம் நடத்துகிற அறிவியல் ஆசிரியர் போட்ட கணக்கு இது!

திருமயம் கோட்டை வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி 2.15. எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் ஓடோமீட்டரை எட்டிப் பார்த்தான். “75 கிலோமீட்டர் வர ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆயிருக்குப்பா. அப்போ மணிக்கு 43தான் வருது. மீட்டர்ல 80 காட்டுச்சே?”

காட்டியது உண்மைதான். வேகமானி அந்தக் கணத்தின் வேகத்தை மட்டுமே காட்டும். பெட்ரோல் பங்க், டோல்கேட், புதுக்கோட்டை நகர நெரிசல், இடையில் ஒரு தேநீர் எல்லாம் சேர்ந்ததுதான் சராசரி வேகம். கடந்த மொத்தத் தொலைவை, எடுத்துக்கொண்ட மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். வகுப்பில் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். வண்டி ஓட்டும்போது அது நினைவுக்கு வரவில்லை.

1687இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை அது. மலையடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைக் கோயில்கள். மேலே ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிறகு காரைக்குடி, தேவகோட்டை. நான்காம் வகுப்பு மகள் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டே வந்தாள். மஞ்சள் தலை என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை என்று சொல்லிக் கொடுத்ததும் எண்ணுவது விளையாட்டாக மாறிவிட்டது. ராமநாதபுரம் சேர்ந்தபோது மணி 7.15, நன்றாக இருட்டிவிட்டது. சுமார் 180 கி.மீ.க்கு ஆறே முக்கால் மணி நேரம். சராசரி 27ஐக்கூடத் தொடவில்லை. “கோட்டையில இருந்த நேரத்தையும் சேர்க்கணுமா?” என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. எப்போது போய்ச் சேருவோம் என்று அறிய வேண்டுமானால் சேர்க்கத்தான் வேண்டும். வண்டி ஓடிய நேரத்துக்கு மட்டும் சராசரி காண வேண்டுமானால் கழித்துவிட்டுத் தனியாகப் போடலாம். எதைக் கேட்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

ராமேஸ்வரத்தில் எங்கு விசாரித்தும் அறை இல்லை. ராமநாதபுரத்திலேயே ஒரு சிறிய லாட்ஜில் நால்வரும் ஒரே அறையில் படுத்தோம். மறுநாள் காலை பாம்பன். 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில், கப்பல் போகும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழுவது வழக்கமாக இருந்தது. ஏப்ரல் 2025இல் திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நீளப் பகுதி முழுவதும் செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. இரு கோபுரங்களிலும் எதிர் எடைகள் இருப்பதால்தான் மோட்டார்கள் அதைத் தூக்க முடிகிறது. கிணற்று ராட்டினத்தைச் சொன்னதும் மகளுக்கே புரிந்துவிட்டது. பிறகு 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி. அங்கே யாரும் அதிகம் பேசவில்லை.

ஞாயிறு இரவு வீட்டு வாசலில் நின்றபோது 500 கி.மீ.க்குச் சற்று மேல் ஓடியிருந்தது. “இவ்வளவு சுத்தியும் நம்ம இடப்பெயர்ச்சி சுழிதான்பா” என்றான் மகன்.

திங்கள்கிழமை ஏழாம் வகுப்புக்குள் உற்சாகமாக நுழைந்தேன். கைபேசி நிறையப் படங்கள். “மூணு நாள் லீவுல யார் யார் எங்க போனீங்க?” என்று கேட்டேன். நான்கு கைகள் மட்டும் உயர்ந்தன. மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, “நாங்க எங்கயும் போகல சார். நான் ஆடு மேய்க்கப் போனேன்” என்றாள்.

விடுமுறை முடிந்ததும் இப்படிக் கேட்பதும், ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கட்டுரை எழுதச் சொல்வதும் நம் பள்ளிகளில் வழக்கம். போகாத பிள்ளை அதில் என்ன எழுதும் என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை. படங்களைக் காட்டவில்லை.

“ஆடு மேய்க்க எங்கேம்மா போவே?”

“ஏரிக்கரைக்கு சார். போகத்தான் ரொம்ப நேரம் ஆகும். மேஞ்சுகிட்டே போகும்ல. வரும்போது வீட்ட பாத்து ஓடியாந்துரும்.”

எனக்குத் தேவையான எடுத்துக்காட்டு அதுதான். மைதானத்தில் 10 மீட்டர் கோடு போட்டு அவளை நடக்கச் சொன்னோம். 20 அடி எடுத்து வைத்தாள். அப்படியானால் ஓர் அடி அரை மீட்டர். அன்று மாலை வீட்டிலிருந்து ஏரிக்கரைவரை எண்ணிக்கொண்டே நடந்து, மறுநாள் ‘3000’ என்று எழுதி வந்தாள். ஒன்றரைக் கிலோமீட்டர். ஆடுகளோடு போக மூன்று மணி நேரம், திரும்ப அரை மணி நேரம்.

போகும்போது மணிக்கு 0.5 கி.மீ., வரும்போது 3 கி.மீ. மொத்தப் பயணத்துக்குச் சராசரி கேட்டேன். பாதிக்கு மேற்பட்டோர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 1.75 என்றார்கள். பல ஆண்டுகளாக விடைத்தாள்களில் நான் காணும் தவறுதான். “மூணரை மணி நேரமும் 1.75 வேகத்துல நடந்திருந்தா எவ்வளவு தூரம் போயிருப்பா?” என்று கேட்டதும், பெருக்கிப் பார்த்து “ஆறு கிலோமீட்டருக்கு மேல வருது சார், அவ போனதே மூணுதான்!” என்று அவர்களே பிடித்துவிட்டார்கள். மூன்றை மூன்றரையால் வகுத்தால் சுமார் 0.86. மெதுவான பகுதியில் அதிக நேரம் செலவானதால் சராசரி அந்தப் பக்கமே சாய்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள்.

இப்போது விடுமுறைக்கு நான் தரும் வேலை ஒன்றே. தினமும் போகும் ஏதேனும் ஒரு வழியை எடுத்துக்கொள்ளலாம்: கடைக்கு, தண்ணீர்க் குழாய்க்கு, டவுன் பஸ்ஸில் அத்தை வீட்டுக்கு. அடியால் அளந்தோ, கிலோமீட்டர் கல்லை எண்ணியோ தொலைவு. புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், நின்ற இடங்கள். ராமேஸ்வரம் போனவர்கள் ராமேஸ்வரத்தை எழுதட்டும்.

இடப்பெயர்ச்சிக்கும் அதே ஏரிக்கரையைத்தான் எடுத்துக்கொண்டேன். புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் சுழி என்று கரும்பலகையில் எழுதியதும் அந்த மாணவியே கை உயர்த்தினாள்.

“ஒரு குட்டி மட்டும் வழியிலயே நின்னுருச்சுன்னா அதுக்கு எவ்வளவு சார்?”

அதைக் கண்டுபிடிக்க எந்தெந்த அளவுகள் வேண்டும் என்று வகுப்பையே பட்டியலிடச் சொன்னேன். மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.