லித்தியத்துக்கு ஈயம் பூசுதல்

மேல்சித்தாமூர், திண்டிவனம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஈயம் பூசுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தெருமுனையில் துருத்தி வைத்துக் கரி மூட்டி, பித்தளை அண்டாவைக் காய்ச்சுவார்கள். நவச்சாரத்தைத் தூவியதும் குப்பென்று வெண்புகை. ஈயக் குச்சியால் ஓர் இழுப்பு, பஞ்சால் ஒரு துடைப்பு. அண்டாவின் உள்பக்கம் வெள்ளியாய் மின்னும். (வெள்ளீயம்தான், காரீயம் நஞ்சு.) பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் புளி ஊற்றி வைத்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

லித்தியத்தின் கதையும் களிம்புக் கதைதான்.

போன் பேட்டரியில் லித்தியம் உலோகமாக இல்லை. கிராஃபைட் அடுக்குகளுக்குள் ஒண்டிக் குடியிருக்கிறது. ஒரு கிராம் கிராஃபைட் தாங்கும் மின்னூட்டம் 372 மில்லிஆம்பியர்-மணி. ஒரு கிராம் லித்திய உலோகமோ 3,860. பத்து மடங்கு! இதை முயலாமல் இருப்பார்களா? 1970-களில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்காம் செய்த பேட்டரியில் லித்திய உலோகமும் உண்டு. 1989-இல் கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனத்தின் லித்திய உலோக பேட்டரி போட்ட கைபேசிகள் ஜப்பானில் தீப்பிடித்து, திரும்பப் பெறப்பட்டன. 1991-இல் சோனி, உலோகத்தை விட்டுக் கார்பனோடு வந்து சந்தையைப் பிடித்தது.

பேட்டரிக்குள் இருக்கும் மின்பகு திரவம் பட்ட கணமே லித்தியத்தின்மேல் நானோமீட்டர் கணக்கில் ஒரு படலம் படிகிறது. 1979-இல் இம்மானுவேல் பெலெட் இதற்குத் 'திட மின்பகு இடைமுகம்' என்ற பொருளில் பெயர் வைத்தார். நான் களிம்பு என்றே சொல்வேன். ஆனால் இது காவல் காக்கும் களிம்பு: அயனிக்கு வழி விடும், எலக்ட்ரானை மறிக்கும். வம்பு வேறிடத்தில். சார்ஜ் ஏறினால் உலோகம் உப்பும், இறங்கினால் வற்றும்; படலம் அப்பளமாய் விரிசல் விடும். விரிசலில் அயனிகள் முண்டியடிக்க, ஊசியும் பாசியுமாய் லித்தியம் முளைக்கும். ஓர் ஊசி எதிர்முனையைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். தொடாவிட்டாலும் விரிசல்தோறும் புதுக் களிம்பு பிடித்து, திரவமும் லித்தியமும் வீணாகும்.

ஆக, நல்ல பூச்சை நாமே பூச வேண்டும். லித்தியம் ஃபுளூரைடு, அலுமினியம் ஆக்சைடு, இழுபடும் பாலிமர் என்று பலதும் பூசிப் பார்த்திருக்கிறார்கள். கெட்டியான தடுப்பு போதும் என்றுகூட ஒரு நம்பிக்கை இருந்தது. ஆனால் கத்தியால் நறுக்கக்கூடிய இந்த மெத்து உலோகம், தடுப்பாக வைத்த கார்னெட் வகைப் பீங்கானின் மணிகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்த்துவிட்டது.

எனக்குப் பிடித்த பூச்சு நம்மூர்க்காரருடையது. தென் தமிழகத்து அமராபுரத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 2019-இல் பேட்டரி அறிஞர் ஜான் குட்இனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நிகழ்த்தியவர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு, 2020-இல் வெளியிட்ட ஆய்வில், லித்தியம்-கந்தக பேட்டரியின் கந்தக முனையில் கொஞ்சம் டெலூரியத்தைச் சேர்த்தது. அது கந்தகத்தோடு கரைந்து, லித்தியப் பக்கம் போய், டெலூரியமும் கந்தகமும் கலந்த படலமாகப் படிந்தது. லித்தியமும் சீராகப் படியத் தொடங்கியது. ஆள் வைத்துப் பூசாமல் அண்டா தனக்குத் தானே ஈயம் பூசிக்கொண்ட மாதிரி!

ஆனால் டெலூரியம் அரிய பொருள். தாமிரத்தைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் சேற்றிலிருந்துதான் பெரும்பாலும் கிடைக்கிறது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனில் இன்னமும் பெரும்பாலும் கிராஃபைட்தான்.