வயிற்றோட்டம்: வைரஸா? பக்டீரியாவா?

வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வயிற்றோட்டம் கண்டால், எப்போதோ வாங்கி மிஞ்சிய அன்டிபயோடிக் மாத்திரையைத் தேடுவது நம்மில் பலரின் வழக்கம். அந்த மாத்திரை பக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. ஆகவே நோயின் அடையாளங்களை இல்லத்தரசிகள் அறிந்திருப்பது அவசியம்.

வைரஸின் அடையாளங்கள்

பெரியவர்களை அதிகம் பிடிப்பது நோரோ வைரஸ். தொற்றி 12 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் திடீரென வாந்தி தொடங்கும். மலம் தண்ணீராகப் போகும், இரத்தம் இராது. இலேசான காய்ச்சலும் உடம்பு உளைவும் இருக்கலாம். வீட்டில் ஒருவர் பின் ஒருவராகப் படுப்பார்கள். பெரும்பாலும் 1 முதல் 3 நாட்களில் தானாகவே அடங்கிவிடும்.

பக்டீரியாவின் அடையாளங்கள்

சிகெல்லா போன்ற பக்டீரியா குடலின் உட்சுவரையே புண்ணாக்குகிறது. அதனால் கடும் காய்ச்சல், வயிற்றை முறுக்கும் வலி, மலத்தில் சளியும் இரத்தமும் காணப்படும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போகும். போய் வந்த பின்னும் போகவேண்டும் போலவே இருக்கும். இதுவே வயிற்றுளைவு.

ஆனால் இவ்வடையாளங்கள் எப்போதும் பொருந்துவதில்லை. கொலராவும் பக்டீரியாதான், எனினும் இரத்தமின்றி, அரிசி கழுவிய தண்ணீர் போலவே போகும். வெளியே நெடுநேரம் வைத்த சோற்றை உண்டு 1 முதல் 6 மணித்தியாலங்களுக்குள் வாந்தி வந்தால், அது பக்டீரியா விட்டுச்சென்ற நஞ்சாக இருக்கலாம். அதற்கு அன்டிபயோடிக் பயன்படாது. மலப் பரிசோதனையே கிருமியை உறுதியாகக் காட்டும்.

செய்ய வேண்டியவை

எக்கிருமியாயினும் முதல் மருந்து இழந்த நீரை ஈடுசெய்வதே. ஜீவனியைப் பொதியில் குறிப்பிட்ட அளவு நீரில் கரைத்துக் கொடுங்கள். அது இல்லையேல், கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். வாந்தி எடுப்பவருக்குச் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் வயிற்றோட்டத்தைக் 'கட்டும்' மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல், எழுந்தால் தலைசுற்றல், ஓயாத வாந்தி, 3 நாட்களைத் தாண்டிய வயிற்றோட்டம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் செல்லுங்கள். முதியோர், கர்ப்பிணிகள், நீரிழிவு நோயாளர் விடயத்தில் காத்திருக்கவே வேண்டாம்.

நோயாளியைப் பராமரிப்பவர் சவர்க்காரமிட்டு நன்றாகக் கை கழுவ வேண்டும். கைக்குப் பூசும் கிருமிநீக்கித் திரவம் மட்டும் நோரோ வைரஸுக்குப் போதாது. நோயுற்றவர் குணமாகி 2 நாட்கள் செல்லும் வரை மற்றவர்களுக்குச் சமைக்காதிருப்பது குடும்பம் முழுவதற்கும் பாதுகாப்பு.