சவலைக் குழந்தைக்கு அவசரம் ஆகாது

ஐசியூவுக்குள் தூக்கிவரும் குழந்தைக்கு மானிட்டர் மாட்டுவார்கள், ஊசி போடுவார்கள், ஆக்சிஜன் வைப்பார்கள். அந்தப் பரபரப்பில் விட்டுப்போவது ஒரு சாதாரண நாடா. இடது தோளுக்கும் முழங்கைக்கும் நட்டநடுவில் கையைச் சுற்றி அளக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. சிகிச்சையின் போக்கே அங்கே மாறியாக வேண்டும்.

எடையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். சில குழந்தைகளுக்குப் பாதத்தில் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். கொழுகொழுவென்று தெரிவது சதையல்ல, நீர். 1930களில் இன்றைய கானாவில் இந்த நோயை விவரித்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், அங்கே கா மொழியில் வழங்கிய ‘குவாஷியோர்கர்’ என்ற பெயரையே அதற்கு வைத்தார். அடுத்த பிள்ளை வந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்று அர்த்தம். நம் பாட்டிகள் ‘சவலை’ என்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம்: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 19.3 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 14.6.

சவலை உடம்பு சிக்கனமாகப் பிழைக்கப் பழகியது. இதயத் தசை மெலிந்திருக்கும். வழக்கம்போலச் சலைனை வேகமாக ஏற்றினால் தாங்காது. ஈரலில் சர்க்கரை இருப்பு குறைவு. பால் கொடுக்கச் சற்றுப் பிந்தினாலும் இரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். கிருமி தொற்றியும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். அதனால்தான் மருத்துவமனையில் சேர்ந்த இப்படிப்பட்ட குழந்தைக்கு, உடம்பு சுடாவிட்டாலும் ஆன்டிபயாடிக் உண்டு. மூச்சிழுக்கும் தசைகளும் இளைத்திருப்பதால் வென்டிலேட்டரைக் கழற்றுவது கஷ்டம். சாவ் பாவ்லோவில் 385 ஐசியூ குழந்தைகளை ஆராய்ந்தபோது கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் சத்துக்குறைவு. அவர்களுக்கு வென்டிலேட்டர் நாட்களும் கூடியிருந்தன.

‘இளைத்த பிள்ளைதானே, நன்றாக ஊட்டுங்கள்’ என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென மாவுச்சத்து சேர்ந்தால் இன்சுலின் எகிறும். இரத்தத்திலிருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுபட்டு, இதயத் துடிப்பு தடுமாறும். ஆகவே முதல் சில நாட்களுக்கு எஃப்-75 என்ற சிகிச்சைப் பால்: 100 மில்லியில் 75 கலோரிதான். இரண்டு மணிக்கொரு தடவை, நள்ளிரவிலும், குடிக்க முடியாவிட்டால் மூக்குக்குழாய் வழியாக. இரும்புச்சத்து மருந்துகூட அப்போது கிடையாது.

வீங்கியிருந்த குழந்தைக்கு இந்த நாட்களில் எடை இறங்கும். அட்டையைப் பார்த்துத் தாய் பதறுவாள். டாக்டர் முகத்திலோ நிம்மதி தெரியும், வடிவது நீர். அதோடு குழந்தை தானாகப் பாலுக்குக் கை நீட்டினால், அடுத்த கட்டப் பாலான எஃப்-100க்கு மாற்றலாம் என்று குறிப்பெழுதுவார்.