திரை காட்டும் நிறம்

காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலைகளுக்கு நிறத்தின் பெயரே அடையாளமாக அமைவதுண்டு. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வெங்காயச் சருகு, மயில் கழுத்து என நெசவாளரும் வாங்குவோரும் நிறங்களைப் பெயரிட்டு அழைக்கின்றனர். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திப் புகழ்பெற்ற நீலம் ‘எம்.எஸ். நீலம்’ என்றே இன்றும் வழங்குகிறது. கடை வாசலில் வெயிலுக்கு நேரே முந்தானையை விரித்துப் பார்த்து வாங்கிய காலத்தில் இப்பெயர்கள் போதுமானவையாக இருந்தன. இன்று புனேயிலோ புவனேசுவரத்திலோ வாழும் குடும்பம் கைப்பேசித் திரையைப் பார்த்தே சேலையைத் தேர்ந்தெடுக்கிறது. திரையில் அரக்காகத் தெரிந்தது, பெட்டியைப் பிரிக்கும்போது செங்கல் நிறமாக இருந்தால் சேலை திரும்பிப் போகும். நெய்தவர் நிறத்தில் பிழை செய்யவில்லை. வாங்கியவர் கண்ணிலும் குறையில்லை. இடையில் நின்ற திரைகளே நிறத்தை மாற்றிவிட்டன.

திரையின் ஒவ்வொரு படப்புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகள் உள்ளன. ஒவ்வொன்றின் அளவையும் கணினி 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணால் குறிக்கிறது. இம்மூன்றின் சேர்க்கையால் 1,67,77,216 நிறங்களைக் குறிக்கலாம். எண்ணிக்கை பெரிதுதான். ஆனால், ‘சிவப்பு 200’ என்று கணினி கட்டளையிட்டால் எவ்வளவு சிவப்பு, எத்தகைய சிவப்பு என்பதை அந்தந்தத் திரையே முடிவு செய்கிறது. ‘ஒரு கரண்டி உப்பு’ என்று சமையற்குறிப்பில் எழுதினால் போதுமா? யார் வீட்டுக் கரண்டி என்னும் கேள்வி எழுமல்லவா? திரையின் நிலையும் அதுவே.

கருவியைச் சாராமல், மனிதக் கண் காணும் வகையில் நிறத்தை அளக்கும் முறையைப் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1931ஆம் ஆண்டில் வகுத்தது. நம் தேசியக் கொடியின் காவி நிறமும் இம்முறையிலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. ஐ.எஸ். 1 என்னும் இந்தியத் தரக்குறிப்பு அதற்கு 0.538, 0.360 என்னும் இரண்டு எண்களைத் தருகிறது. ‘காவி’ என்னும் சொல்லைப் படித்து ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறத்தை எண்ணலாம். இவ்வெண்களைப் படித்து அவ்வாறு எண்ண இயலாது. 1993ஆம் ஆண்டில் எட்டு நிறுவனங்கள் கூடிப் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பை அமைத்தன. ஒரு கருவியின் எண் எந்த உண்மையான நிறத்தைத் தருகிறது என்று எழுதிவைக்கும் கோப்புக்கு அக்கூட்டமைப்பு ஒரு பொது வடிவம் தந்தது. அக்கோப்பே நிறக்குறிப்பு ஆகும். கணினித் துறையினர் அதனைப் புரொஃபைல் என்பர்.

அளவுதிருத்தம் வேறு, நிறக்குறிப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். வீட்டுச் சுவர்க்கடிகாரம் இருபது நிமிடம் வேகமாக ஓடுவதாகக் கொள்வோம். முள்ளைத் திருப்பிச் சரிசெய்வது அளவுதிருத்தம். எவ்வளவு திருப்பியும் இரண்டு நிமிட வேகம் எஞ்சினால், ‘இக்கடிகாரம் இரண்டு நிமிடம் வேகம்’ என்று ஒரு தாளில் எழுதி அருகில் ஒட்டுகிறோம். அத்தாளே நிறக்குறிப்பு. தாளைப் படிப்பவர் இரண்டு நிமிடத்தைக் கழித்துக்கொண்டு ரயிலைப் பிடிப்பார். படத்தொகுப்பு மென்பொருளும் அவ்வாறே நிறக்குறிப்பைப் படித்து, திரையின் குறையைக் கழித்துக்கொண்டு சரியான எண்ணை அனுப்புகிறது.

அளவுதிருத்தம் தொடங்குமுன் மானிட்டர் அரைமணி நேரம் எரிந்து நிலைப்பட வேண்டும். சாளரத்து வெயில் திரையில் விழலாகாது. இரவுநேர மஞ்சள் ஒளி போன்ற வசதிகளை நிறுத்திவிட வேண்டும். பின்னர் நிறமானி என்னும் சிறு கருவியைத் திரையின்மீது படியவைத்தால், மென்பொருள் பல நிறக் கட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்ட, கருவி அவற்றை அளக்கும். வெண்மைக்கு 6500 கெல்வின் என்பது வழக்கமான இலக்கு. அது பகலொளியை ஒத்தது. இவ்வெண் கூடினால் வெண்மையில் நீலம் ஏறும், குறைந்தால் மஞ்சள் ஏறும். ஒளிர்வு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை இருந்தால் போதும். கடையிலிருந்து வரும் மானிட்டர் பெரும்பாலும் இதைவிடப் பன்மடங்கு கூசும். காமா என்னும் அளவு 2.2 என அமைக்கப்படுகிறது. அதன்படி நடு எண்ணாகிய 128, முழு ஒளியில் பாதியைத் தருவதில்லை. ஏறத்தாழ 22 விழுக்காட்டையே தருகிறது. இருளில் உள்ள சிறு வேறுபாடுகளையும் நம் கண் நன்கு உணர்வதால் இவ்வேற்பாடு பொருந்துகிறது.

வெண்மையையும் ஒளிர்வையும் இயன்றவரை மானிட்டரின் பொத்தான்களாலேயே சரிசெய்வது நல்லது. எஞ்சியதைக் கிராபிக்ஸ் அட்டையில் ஏற்றப்படும் வளைகோடுகள் திருத்தும். அங்கே நீலத்தை 255இலிருந்து 230க்குக் குறைத்தால், 256 படிகளில் 231 மட்டுமே எஞ்சும். அதனால் ஒரே சீராகத் தெரியவேண்டிய வானத்தில் பட்டைபட்டையாகக் கோடுகள் தோன்றக்கூடும்.

நுண்திருத்தம் இதற்குப் பின்னரே தொடங்குகிறது. அதற்கு உகந்த சோதனை, கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக வெளுக்கும் சாம்பல் பட்டை ஒன்றைத் திரையில் காண்பதாகும். அப்பட்டையின் எப்பகுதியிலும் வேறு நிறச்சாயல் இருத்தலாகாது. நடுப்பகுதி சற்றே சிவந்து தெரிந்தால், சிவப்பின் வளைகோட்டை அவ்விடத்தில் மட்டும் ஓரிரு படி தாழ்த்தலாம். தாழ்த்தியபின் மீண்டும் அளந்து, புதிய நிறக்குறிப்பை எழுத வேண்டும். முள்ளைத் திருப்பிவிட்டுப் பழைய தாளையே ஒட்டிவைத்தால் ரயில் தவறிவிடும். பழைய கோப்பை அழிக்காமல் வேறு பெயரில் காத்து வைப்பதும் தேவை. இரண்டு மானிட்டர்களை அருகருகே வைத்துப் பணியாற்றும்போது வேறொரு சிக்கல் எழும். கருவி இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும்; கண்ணுக்கோ ஒன்றன் வெண்மை சற்று இளஞ்சிவப்பாகத் தெரியும். இரண்டிலும் ஒளி பிறக்கும் முறை வேறாக இருப்பதே காரணம். அப்போது ஒன்றன் வெண்மையைக் கண்ணால் பார்த்தே மற்றதனோடு ஒப்பாக்கிவிட்டு, அந்நிலையில் அளந்து குறிப்பெழுதுவர். இங்குக் கருவியைவிடக் கண்ணை நம்புவதே முறையாகும்.

ஆயினும் ஒரு படம் அழகாகத் தெரியவில்லை என்பதற்காக நிறக்குறிப்பில் கைவைப்பது பெருந்தவறு. சேலையின் படம் மங்கலாக இருந்தால் படத்தைத்தான் திருத்த வேண்டும். குறிப்பை மாற்றினால் அந்த ஒரு படம் மட்டும் பொலிவு பெறும். அதன்பின் அத்திரையில் திருத்தப்படும் ஒவ்வொரு படமும் பொய்யான நிறத்தோடு வெளியேறும்.

மானிட்டரின் நிறக்குறிப்பு அம்மானிட்டருக்கு மட்டுமே உரியது. அதைப் படத்தோடு சேர்த்து அனுப்பலாகாது. இணையத்திற்குச் செல்லும் படம் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொது நிறவெளியில் இருக்க வேண்டும். ஹெச்.பி., மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் 1996இல் முன்மொழிந்த அளவீடு அது. வாங்குபவரின் கைப்பேசி யாராலும் அளவுதிருத்தம் செய்யப்படாதது என்பது உண்மையே. எனினும் படம் எடுத்தவர் பக்கத்துப் பிழை நீங்கினால், இரண்டு பிழைகள் கூடி அரக்கைச் செங்கல்லாக்கும் வாய்ப்புக் குறைகிறது. நாள்பட மானிட்டரின் பின்னொளி மங்கும் என்பதால், தொழில்முறையாளர் திங்கள்தோறும் இவ்வேலையை மீண்டும் செய்கின்றனர்.

மயில் கழுத்து மட்டும் எந்தக் குறிப்புக்கும் அடங்குவதில்லை. அதில் பாவு ஒரு நிறம், ஊடை மற்றொரு நிறம். துணி அசையும்போது நீலம் பச்சையாகும். பச்சை மீண்டும் நீலமாகும். அசையாத படம் அவற்றுள் ஒன்றையே காட்டும். ஆதலால் விவரமறிந்த வணிகர் அச்சேலையை இரு கோணங்களில் படமெடுத்து, மடிப்பை அசைத்துக் காட்டும் காணொளி ஒன்றையும் உடன் அனுப்புகின்றனர்.