மேழி கையில், கொழு பனியில்! ஸ்னோமொபைலைத் திருப்புவது எது?

1934-ம் ஆண்டின் குளிர்காலம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிறிய ஊர். மெக்கானிக் ஜோசப்-அர்மாண்ட் பாம்பார்டியரின் 2 வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி முற்றிவிட்டது. சாலைகளைப் பனி மூடிக் கிடந்ததால், மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. குழந்தை இறந்துபோனது.

பனியின் மேல் ஓடும் வண்டியைச் செய்ய, அதற்கு முன்பிருந்தே முயன்று வந்தவர் பாம்பார்டியர். மகனின் மறைவுக்குப் பிறகும் அவர் அந்த முயற்சியை விடவில்லை. 1937-ல் தன் ட்ராக் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1959-ல் அவருடைய 'ஸ்கி-டூ' விற்பனைக்கு வந்தது. பின்னாலிருந்து தள்ள ஒரு ரப்பர் ட்ராக், முன்னால் வழிகாட்ட இரண்டு ஸ்கீக்கள். இன்றைய ஸ்னோமொபைல்களும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன.

கியூபெக்கில் மட்டும் ஸ்னோமொபைல் ஓட்டுவதற்கென்றே 30,000 கி.மீ.க்கும் அதிகமான பாதைகள் உள்ளன. பலவும் காட்டுக்குள் வளைந்து நெளிந்து போகிறவை. எதிரே வண்டி வரும், ஓரத்தில் மரம் நிற்கும். அங்கே 200 கிலோவுக்கும் மேல் எடையுள்ள வண்டி, திருப்பியும் திரும்பாமல் நேராகப் போனால் என்ன ஆகும்? அதனால்தான் அனுபவமுள்ளவர்கள், பனி விழத் தொடங்கியதும் எஞ்சினோடு சேர்த்து ஸ்கீயின் அடிப்பாகத்தையும் பார்த்துவிடுகிறார்கள்.

மண்ணைக் கீறுவது கொழுதானே!

ஏர் ஓட்டுபவரின் கையில் மேழி இருக்கும். ஆனால், மண்ணைக் கீறிக்கொண்டு போவது கீழே இருக்கும் கொழு. ஸ்னோமொபைலிலும் அப்படித்தான். ஹேண்டில்பார் மேழி என்றால், ஸ்கீயின் அடியில் நீளவாக்கில் பொருத்தியிருக்கும் ஒல்லியான எஃகுக் கம்பிதான் கொழு. இதை 'ரன்னர்' என்கிறார்கள். அதன் நடுப்பகுதியில் சில அங்குல நீளத்துக்கு டங்ஸ்டன் கார்பைடு பதிக்கப்பட்டிருக்கும். சுவரில் துளை போடும் டிரில் பிட்டின் முனையிலும் இருப்பது இதே கார்பைடுதான்.

புதுப்பனி மெத்தென்று இருக்கும்போது ஸ்கீயின் அடிப்பக்க முகடே வண்டியைத் திருப்பப் போதும். ஆனால், பல வண்டிகள் ஓடி இறுகிய பாதையிலும், உறைந்த ஏரியிலும் பிளாஸ்டிக் ஸ்கீ வழுக்கிக்கொண்டு போகும். அங்கே கார்பைடின் கூரான விளிம்பு பனிக்கட்டியைக் கீறிப் பிடித்தால்தான் வண்டி திரும்பும்.

நகம் சொல்லும் சேதி

கார்பைடு மிகக் கடினமானது. ஆனால், பாறையில் மோதினால் துண்டாக உடைந்துவிடும். தார்ச்சாலையைக் கடக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

எஞ்சினை அணைத்து, வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, அசையாத ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு சோதியுங்கள். கார்பைடு விளிம்பில் நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுத்தால், நகம் லேசாகச் சீவப்பட வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் கூர் போய்விட்டது என்று அர்த்தம். விளிம்பு உருண்டு பளபளத்தாலும், கார்பைடு துண்டுகள் உதிர்ந்திருந்தாலும் ரன்னரை மாற்றிவிடுவது நல்லது. ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்டால், வலப்பக்க வளைவில் ஒரு மாதிரியும் இடப்பக்க வளைவில் வேறு மாதிரியும் வண்டி திரும்பும். எனவே, இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய ரன்னரோடு ஒரு சுற்று ஓடிவந்ததும் நட்டுகளை மறுபடி முடுக்கிப் பாருங்கள்.

அலைன்மென்ட் பார்ப்பது எப்படி?

காருக்கு வீல் அலைன்மென்ட் போல இதற்கும் உண்டு. ஹேண்டில்பாரை நேராக வைத்து அசையாமல் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்கீக்களின் நுனிகளையும் ஒரு ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டினால், இணைப்புகளில் உள்ள ஆட்டம் அடங்கும். நேரான நீண்ட கம்பி ஒன்றை ட்ராக்கின் பக்கவாட்டில் ஒட்டிவைத்து, ஸ்கீ வரை நீட்டுங்கள். அந்தக் கம்பியிலிருந்து ரன்னரின் முன்பகுதி எவ்வளவு தூரம், பின்பகுதி எவ்வளவு தூரம் என்று இரு பக்கமும் அளவெடுங்கள்.

ஸ்கீக்கள் இணையாகவோ, முன்பக்கம் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை வெளிப்புறம் விரிந்தோ இருப்பது வழக்கம். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும் என்பதால், அதோடு தந்த கையேட்டைப் பாருங்கள். நுனிகள் உள்நோக்கி ஒடுங்கியிருந்தால், வண்டி நேராகப் போகாமல் தடுமாறும். டை ராடின் பூட்டு நட்டைத் தளர்த்தி, ராடைச் சுற்றினால் கோணம் மாறும். முடிந்ததும் பூட்டு நட்டை இறுக்க மறக்க வேண்டாம்.

தடத்துக்குத் தடம் தாவினால்...

முன்னால் போன வண்டிகளின் ரன்னர்கள் பாதையில் கீறல்கள் போட்டிருக்கும். நம் ரன்னர் அந்தக் கீறலில் விழுந்து, அது போகும் பக்கமெல்லாம் ஸ்கீயை இழுக்கும். நேர்ப்பாதையிலேயே வண்டி வெடுக் வெடுக்கென்று இடமும் வலமும் தாவும். ஓட்டுபவரின் கையும் தோளும் வலித்துப்போகும்.

ரன்னர் வளைந்திருக்கிறதா, அலைன்மென்ட் சரியா என்று முதலில் பாருங்கள். அடுத்து, ஸ்கீக்கும் அதைத் தாங்கும் காலுக்கும் நடுவில் உள்ள ரப்பர் கட்டை. அது நைந்துபோனால் எடை ஸ்கீயின் முன்பக்கம் சாயும். புது ரப்பர் போட்டோ, அதன் பின்பகுதியில் ஒரு மெல்லிய தகடு வைத்தோ எடையைப் பின்னுக்குத் தள்ளலாம். இதற்கும் சரியாகவில்லை என்றால், ஒற்றைக் கம்பிக்குப் பதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கம்பிகள் உள்ள ரன்னரைப் போடுகிறார்கள். ஒன்று கீறலில் விழுந்தாலும் மற்றொன்று தாங்கிக்கொள்ளும்.

கூர் கூடினாலும் ஆபத்து

'நீளமான கார்பைடு போட்டால் நன்றாகத் திரும்புமே' என்று தோன்றும். திரும்பும்தான். ஆனால், முன்பக்கம் அழுத்திப் பிடிக்க, பின்னால் ட்ராக்குக்குப் பிடிப்பு இல்லாவிட்டால், வளைவில் வண்டியின் பின்பக்கம் வீசிச் சுழன்றுவிடும். மாறாக, ட்ராக்கில் நிறைய ஸ்டட் ஆணிகளை அடித்துவிட்டு, முன்னால் பழைய ரன்னரையே விட்டுவைத்தால், ட்ராக் தள்ளுகிற தள்ளில் ஸ்கீக்கள் திரும்பியபடியே நேராக வழுக்கிப் போகும். பின்னால் ஆணி கூடினால், முன்னால் கார்பைடும் கூட வேண்டும்.

ஸ்கீ மேல் விழும் எடையையும் இதேபோல் சமன் செய்யலாம். ட்ராக்கின் முன்பகுதியை இழுத்துப் பிடிக்கும் பட்டையைக் குறுக்கினால், ஸ்கீ மேல் எடை கூடும், திருப்பம் கூர்மையாகும். நீட்டினால் எடை ட்ராக்குக்குப் போகும், ஹேண்டில்பார் லேசாகும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதுவும் ஒரு துளை அளவு மட்டும் செய்யுங்கள். பிறகு, ஆளில்லாத அகலமான இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் மூன்றையும் மாற்றிவிட்டால், எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

வாடகை வண்டி என்றால்...

ஒன்டாரியோ, கியூபெக் பக்கம் வசிக்கும் நம்மவர்கள், குளிர்கால விடுமுறையில் வாடகை ஸ்னோமொபைலில் ஏற நேரலாம். புதியவர்கள் இதையெல்லாம் திருகிப் பார்க்க வேண்டாம். கிளம்பும் முன் குனிந்து ஸ்கீயின் அடியைக் காட்டச் சொல்லுங்கள். கார்பைடு மழுங்கியிருந்தால் வேறு வண்டி கேளுங்கள். முதல் 100 மீட்டரில், மெதுவான வேகத்தில் இருபுறமும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சொன்னபடி திரும்புகிற வண்டியில் மட்டும் குழந்தையைப் பின்னால் ஏற்றிக்கொள்ளுங்கள்.